பட்டாளத்துக்காரரின் எழுதப்படாத கதை

தேனாம்பேட்டை வழியாகச் செல்லும் அண்ணா சாலை ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு. புனித ஜார்ஜ் கோட்டையையும் பரங்கிமலைப் படைமுகாமையும் இணைத்த சாலை அது. அன்றைய சென்னைப் படையில் பறையர் சமூகத்தினர் கணிசமாக இருந்தனர். குறிப்பாக, 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் சேர்ந்து பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவிலும் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கா, பர்மா களங்களிலும் அந்தப் பிரிவு பணியாற்றியது.

தளபதிகளின் போர் நினைவுகள் நூல்களாக இருக்கின்றன. சேரியிலிருந்து போன சிப்பாய் எழுதிய நூல் கைக்குக் கிடைப்பது அரிது. அவருடைய வாழ்க்கையைப் பெரும்பாலும் பிள்ளைகளின் எழுத்து வழியாகத்தான் அறிகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவ முகாமில்தான். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஓய்வுக்குப் பின் கோரேகானில் காசாளராக வேலை பார்த்தார். 1901 வாக்கில் அவரைப் பார்க்கச் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் ரயிலில் போனார். வருவதாக எழுதிய கடிதம் தந்தை கைக்குச் சேராததால், மசூர் நிலையத்தில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிச் சென்றனர். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகவே இரவைக் கழித்தனர். பின்னாளில் அம்பேத்கரே இதை எழுதிவைத்தார். தகப்பனின் சுபேதார் பதவி பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீர் வாங்கித் தரவில்லை.

அந்த மகர்களைப் படையில் சேர்ப்பதையே 1890களில் ஆங்கிலேயர் நிறுத்திவிட்டனர். 1941இல், போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

தமிழில் ‘கருக்கு’ (1992) எழுதிய பாமா, விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை ராணுவத்தில் பணிபுரிந்தவர். பாட்டியோ நாயக்கர் வீடுகளில் வேலை செய்து, மீந்த சோற்றை வாங்கி வந்தவர். நாட்டைக் காக்கும் தந்தை, உள்ளூரில் கையேந்தும் பாட்டி என்ற இரண்டு நிலையும் ஒரே குடும்பத்தில். அந்த வீட்டிலிருந்துதான் பாமாவும், ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதிய அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனும் படித்து எழுத்தாளர்களானார்கள்.

பட்டாளத்துச் சம்பளம் பல சேரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. லீவில் வந்தவர் சீருடையோடு ஊர்த்தெருவில் நடக்க முடிந்ததா? டீக்கடையில் அவருக்கு எந்த டம்ளர் கொடுத்தார்கள்? அவர் இல்லாத ஆண்டுகளில் வீட்டைத் தாங்கிய மனைவி என்ன பாடு பட்டார்? இவற்றை எந்த ராணுவப் பதிவேடும் சொல்லாது.

மாணவர்களே, உங்கள் தெருவில் வயதான பட்டாளத்துக்காரரோ அவர் மனைவியோ இருந்தால், ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பழைய கடிதங்களையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். அடுத்த லீவு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.