மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணும் புதுச்சேரியும்

மனித மேம்பாட்டுச் சுட்டெண் என்பது ஒரு நாட்டு மக்களின் ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரையிலான ஒரே எண்ணால் குறிக்கும் அளவீடு ஆகும். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990ஆம் ஆண்டு முதல் இதை வெளியிட்டு வருகிறது. பாகிஸ்தான் பொருளியலாளர் மகபூப் உல் ஹக் இதை உருவாக்கினார். அமர்த்தியா சென் அவருக்குத் துணைநின்றார். வருமானத்தை மட்டும் கொண்டு மக்கள் வாழ்வை அளக்க இயலாது என்பதே இதன் அடிப்படை.

கணக்கிடும் முறை

2023ஆம் ஆண்டு இந்தியரின் சராசரி ஆயுள் 72 ஆண்டுகள். குறைந்த அளவு 20, உயர்ந்த அளவு 85 எனக் கொள்ளப்படுகிறது. எனவே (72 − 20) ÷ (85 − 20) = 0.800 என்பது ஆயுள் குறியீடு.

கல்விக்கு இரண்டு அளவுகள் உள்ளன. இன்று பள்ளியில் சேரும் குழந்தை 13 ஆண்டுகள் படிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. இதை 18ஆல் வகுக்க வேண்டும். 25 வயதைக் கடந்தோர் சராசரியாகப் படித்தது 6.9 ஆண்டுகள்; இதை 15ஆல் வகுக்க வேண்டும். இரண்டின் சராசரி 0.591.

வருமானத்திற்கு மடக்கை பயன்படுகிறது. ஏழையின் வருமானத்தில் கூடும் நூறு ரூபாய் தரும் பயனைச் செல்வந்தருக்குக் கூடும் நூறு ரூபாய் தருவதில்லை என்பதே காரணம். இக்குறியீடு 0.681.

மூன்றையும் பெருக்கிக் கனமூலம் கண்டால் 0.685 கிடைக்கும். பெருக்குவதால், ஒன்றில் உள்ள பெருங்குறையை மற்றொன்றின் மிகுதி எளிதில் மறைத்துவிடாது.

நாடுகளின் ஒப்பீடு

2023ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 193 நாடுகளுள் இந்தியா 130ஆம் இடம் பெற்றது. இலங்கை 0.776 பெற்று 89ஆம் இடத்திலும், ஐஸ்லாந்து 0.972 பெற்று முதலிடத்திலும் இருந்தன. 0.550 முதல் 0.699 வரை நடுத்தர மேம்பாடு, 0.700 முதல் 0.799 வரை உயர் மேம்பாடு; 0.800க்கு மேல் மிக உயர் மேம்பாடு.

புதுச்சேரி காட்டும் பாடம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதன் எழுத்தறிவு ஏறத்தாழ 86 விழுக்காடு. ஆனால் கேரளம் சூழ்ந்த மாகேயில் ஏறத்தாழ 98. ஆந்திரம் சூழ்ந்த ஏனாமில் ஏறத்தாழ 79. ஒரே ஆட்சியின் கீழ் இருந்தும் இவ்வளவு இடைவெளி. 86 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஏனாமின் தேவை கண்ணில் படாது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஜிப்மர் உள்ளிட்ட மருத்துவமனைகளுக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டத்தினரும் வருகின்றனர். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதிவாவதால், புதுச்சேரிப் பதிவேட்டில் வெளியூராரும் இடம்பெறுகின்றனர். அந்த எண்ணிக்கையைப் புதுச்சேரியின் மக்கள்தொகையால் அப்படியே வகுத்தால் பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதுபோலவே, இங்குள்ள தொழிற்சாலைகளின் உற்பத்தி புதுச்சேரிக் கணக்கில் சேர்ந்தாலும், அதன் இலாபம் முழுவதும் இங்குள்ள வீடுகளுக்கு வந்து சேர்வதில்லை.

ஆகவே, ஒரு சுட்டெண்ணைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதை அளந்தார்கள்? யாரைக் கணக்கில் சேர்த்தார்கள்? சராசரிக்குள் மறைந்திருப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை காணாமல் திட்டம் தீட்டினால், உதவி தேவைப்படும் ஊருக்கே அது போய்ச் சேராது.