கடமலைப் பெண்கள் தொடங்கிய காப்பீடு

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகும் சாலையில், க.விலக்கில் திரும்பினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, அப்புறம் வருசநாடு. வைகை பிறக்கும் மலையின் அடிவாரம்தான். ஆனாலும் மானாவாரிக் காடுகளே அதிகம். க.விலக்கில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2000-ல் அது கிடையாது. அந்த ஆண்டில்தான் இந்த வட்டாரத்தின் ‘களஞ்சியம்’ என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களின் கூட்டமைப்பான கடமலைக் களஞ்சிய வட்டாரச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தானே மருத்துவக் காப்பீடு தொடங்கியது. பின்னால் நின்றது மதுரையின் தானம் அறக்கட்டளை.

சேமிப்புக் குழுவுக்கு எதற்குக் காப்பீட்டு வேலை? ஆடு வாங்கக் கடன் எடுத்தவர் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். போதாததற்குக் கந்துவட்டி. அப்புறம் சேமிப்பு எங்கே, தவணை எங்கே?

ஏற்பாடு எளிது. குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சந்தா கட்டுகின்றன. பணம் சங்கத்தின் கணக்கிலேயே இருக்கிறது. படுத்துச் சிகிச்சை பெற்றவரின் செலவில் ஒரு பங்கை அதிலிருந்து கொடுக்கிறார்கள். மிஞ்சினால் சங்கத்துக்கே. பொய்க் கணக்கு காட்டுவதும் கடினம். யார் நிஜமாகவே படுத்திருந்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

லாப நோக்கமின்மையும் மக்கள் உடைமையும் ஒன்றல்ல. 1985 முதல் தேனியில் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நோயாளி அங்கே உரிமையாளர் அல்ல. கடமலையில் சந்தா எவ்வளவு, எந்த நோய்க்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது, அதைக் கட்டுகிறவர்களின் சங்கம்.

பலவீனமும் இங்கேதான். சின்னப் பானை சீக்கிரம் காலியாகும். சிக்குன்குனியா போல ஊரையே முடக்கும் காய்ச்சல் ஒன்று வந்தால் போதும். உடம்புக்கு முடியாதவர்கள் மட்டும் சேர்ந்தாலும் அதே கதி. அதனால்தான் இத்தகைய திட்டங்கள் ஆளைச் சேர்க்காமல் குடும்பத்தைச் சேர்க்கப் பார்க்கின்றன. நீலகிரிக் கூடலூரில் (நம் கம்பம் பக்கத்துக் கூடலூர் அல்ல) ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தார் 1992-ல் வேறு வழி கண்டார்கள். சிகிச்சைக்கு அவர்களுக்கென்றே அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை. பெரிய இழப்பைத் தாங்க நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இதய அறுவைச் சிகிச்சைக்குச் சங்கத்தின் கையை எதிர்பார்க்கும் நிலை போனது, நல்லதுதான். ஆனால் அரசுக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் டாக்டர் ஃபீஸ், மருந்து, ரத்தப் பரிசோதனை, போன கூலி எல்லாம் அவர் தலையில்தான்.

அந்தச் சில்லறைச் செலவைக் காப்பீட்டில் கொண்டுவருவது பெரிய ஆபரேஷனைவிடச் சிக்கல். எல்லா வீட்டுக்கும் வருகிற செலவு என்பதால் சந்தா ஏறக்குறைய செலவளவுக்கே போய் நிற்கும். அதற்குக் காப்பீட்டைவிடக் கட்டணம் குறைந்த சொந்தக் கிளினிக்கும் மொத்தமாக வாங்கிய மருந்துமே தோது. களஞ்சியங்களின் வழியில் ‘சுகம்’ மருத்துவமனைகள் பிறந்ததை அப்படித்தான் பார்க்கிறேன்.