கையெழுத்து செல்லும் காலத்திலேயே: பெற்றோரின் மறதிநோயும் பராமரிப்புச் செலவும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில் அமைந்துள்ள உத்தனப்பள்ளி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வேளாண் கிராமம் என்ற நிலையிலிருந்து தொழிற்பகுதியின் விளிம்பு என்ற நிலைக்கு வந்துசேர்ந்த ஊர்களுள் ஒன்றாகும். 1970களிலும் 80களிலும் ஓசூரில் சிப்காட் வளாகமும், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகளும் காலூன்றியபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிவிட்டனர். அவர்களின் மகன்கள் ஷிப்டு முறையில் ஆலைகளுக்குச் செல்கின்றனர். முன்பு வீட்டிலிருந்து முதியோரைக் கவனித்துவந்த மகள்களும் மருமகள்களும், பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் செல்லத் தொடங்கிவிட்டனர். இந்தச் சூழலில் குடும்பத்தின் மூத்தவர் ஒருவருக்கு மறதிநோய் வருமானால், பகலிலும் இரவிலும் அவரைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வியும், அதற்கான பணத்தை எங்கிருந்து, எவருடைய கையெழுத்தில் எடுப்பது என்ற கேள்வியும் ஒருசேர எழுகின்றன.

டிமென்ஷியா என மருத்துவம் குறிப்பிடும் மறதிநோய், வயதானால் எல்லோருக்கும் வரும் சாதாரண மறதி அன்று. நினைவு, மொழி, திசையறிவு, கணக்கிடும் திறன், முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியவற்றை மூளையின் பாதிப்பு படிப்படியாகக் குறைத்து, இறுதியில் உண்பதற்கும் உடுப்பதற்கும்கூடப் பிறரைச் சார்ந்திருக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லும் நோய்த்தொகுதி அது. அல்சைமர் நோய் அதன் பரவலான வகை. பக்கவாதத்தாலும் இரத்தக்குழாய் அடைப்பாலும் வருவது மற்றொரு வகை. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நோய் கண்டறியப்பட்ட பின் பலர் நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரையிலும், சிலர் அதற்கும் மேலாகவும் வாழ்கின்றனர் என்பதால், இதற்கான செலவு ஓர் அறுவைச் சிகிச்சையின் செலவைப்போல ஒருமுறையோடு முடிவதில்லை.

செலவின் அளவு

பராமரிப்பு இல்லங்களின் கட்டணம் ஊருக்கேற்பவும் நோயின் நிலைக்கேற்பவும் மாறுகிறது. கணக்கிடும் முறையை விளக்குவதற்காக, ஓர் இல்லம் மாதம் 30,000 ரூபாய் கேட்பதாகவும், ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்த்துவதாகவும் கொள்ளலாம். முதல் ஆண்டில் 3 லட்சத்து 60 ஆயிரமாகத் தொடங்கும் செலவு, ஏழாம் ஆண்டில் மாதத்துக்கு 42,500 ரூபாயைத் தாண்டும். ஏழாண்டு மொத்தம் சுமார் 30 லட்சம் ரூபாயாகும். முதல் மாதக் கட்டணத்தைக் கட்ட முடிகிறதா என்பதைவிட, ஏழாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியுமா என்பதே குடும்பம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

இதற்கு எதிரே வரவை வைத்துப் பார்க்கவேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து மாத ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 35 ஆண்டு பணியாற்றியவருக்கு இது 7,500 ரூபாய் ஆகிறது. 2014 முதல் நடைமுறையிலுள்ள குறைந்தபட்சத் தொகையோ வெறும் 1,000 ரூபாய். தகுதியுள்ள ஏழை முதியோருக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஓய்வுபெறும்போது கிடைத்த பி.எஃப். பணத்தையும் பணிக்கொடையையும் செலவழிக்காமல் வைத்திருப்பவர்கள், அஞ்சலகத்திலோ வங்கியிலோ உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை செலுத்தலாம். 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 8.2 விழுக்காட்டு வட்டியில், முழுத்தொகை செலுத்தியவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியத்தில் உயர்ந்த அளவையும் சேமிப்பில் உச்ச அளவையும் சேர்த்தாலும் மாதம் 28,000 ரூபாய்தான் வருகிறது என்பதும், அந்த அளவு சேமிப்புள்ள தொழிலாளர் குடும்பங்கள் மிகச் சில என்பதும், இல்லக் கட்டணம் எவ்வளவு பெரிய சுமை என்பதைக் காட்டப் போதுமானவை.

மருத்துவக் காப்பீடு இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் திட்டமும், பெரும்பாலான தனியார் பாலிசிகளும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. குளிப்பாட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் கண்காணிப்பதற்கும் ஆகும் நாள்முறைச் செலவு அவற்றின் வரம்புக்குள் வராது. வருமான வரி செலுத்தும் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி எனப்பட்ட பிரிவு, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாட்டை ஏற்படுத்திய மறதிநோய்க்கு, நரம்பியல் நிபுணரின் சான்றின்பேரில், மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள இடமளித்தது. இச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உரியது.

பணம் இருந்தும் எடுக்க இயலாத நிலை

உத்தனப்பள்ளி வட்டாரத்தில் பல முதியவர்களிடம் ரொக்கம் குறைவு, நிலமதிப்பு அதிகம். சிப்காட் விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கும் அறிவிப்பை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் 2023இல் தொடர் போராட்டம் நடத்திய நிகழ்வே, இங்கு நிலம் எந்த அளவுக்கு வாழ்வாதாரமாகவும் விலைமிக்க பொருளாகவும் இருக்கிறது என்பதை உணர்த்தும். ஆனால் பட்டாவில் பெயருள்ள தந்தை மறதிநோயால் தன் செயலின் பொருளை உணரும் திறனை இழந்துவிட்டால், அவர் பெயரிலுள்ள நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, இழப்பீட்டுத் தொகையைக் கையாளவோ பிள்ளைகளுக்குத் தாமாக எந்த அதிகாரமும் வந்துவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் செய்பவர் அதைப் புரிந்துகொண்டு தன் நலனைச் சீர்தூக்கும் தெளிந்த மனநிலையில் இருக்கவேண்டும். அந்நிலை இல்லாதவரிடம் வாங்கிய கைரேகையும் கையெழுத்தும் கிரயப் பத்திரத்தைக் காப்பாற்றமாட்டா.

பலர் நம்பியிருக்கும் பவர் பத்திரமும் இங்கே கைகொடுப்பதில்லை. பொது அதிகார ஆவணம் என்பது ஒருவர் தமக்குப் பதிலாகச் செயல்பட மற்றொருவருக்கு வழங்கும் உரிமையாகும். வழங்கியவர் மனத்தெளிவை இழந்ததுமே அந்த முகவுரிமை முடிந்துவிடும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு கூறுகிறது. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில் அது செல்லாமல் போகிறது. இங்கிலாந்து 2005இலும் சிங்கப்பூர் 2008இலும் இயற்றிய மனத்திறன் சட்டங்கள், மனத்தெளிவு போன பின்னும் தொடர்ந்து செல்லக்கூடிய நீடித்த அதிகார ஆவணத்தை ஏற்படுத்தின. இந்தியச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. முன்னர் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயுற்றவரின் சொத்துகளை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழிசெய்திருந்தது. அதன் இடத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை தொடர்பான முன்விருப்ப ஆவணத்துக்கும் நியமனப் பிரதிநிதிக்கும் இடமளித்ததேயன்றி, சொத்து நிர்வாகத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

ஆகவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவேண்டியுள்ளது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு அரசே பெற்றோர் நிலையில் நிற்கவேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் நீதிமன்றங்கள் காப்பாளரை நியமிக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமா நிலையிலிருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்து, கிடைக்கும் தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவரின் பெயரில் நிரந்தர வைப்பாக வைக்கவேண்டும் என்று ஆணையிட்டது. இந்த வழி பாதுகாப்பானது. எனினும் வழக்குச் செலவும் காலமும் கோருவது. மாதந்தோறும் கட்டணம் கட்டவேண்டிய குடும்பத்துக்கு எளிதானதன்று.

நோயின் தொடக்கத்தில் செய்யவேண்டியவை

இதனால் மறதிநோயில் மிக அரிய செல்வம், நோய் கண்டறியப்பட்ட பின்னும் முதியவருக்கு மனத்தெளிவு மிஞ்சியிருக்கும் மாதங்களே ஆகும். நோய்ப்பெயர் சூட்டப்பட்டதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. ஓசூர் சாலையில் அமைந்துள்ள பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனத்திலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மதிப்பீடு பெற்று, குறிப்பிட்ட நாளில் அவர் தம் சொத்தைப் பற்றிய முடிவைப் புரிந்து எடுக்கும் நிலையில் இருந்தார் என்ற மருத்துவச் சான்றையும் இணைத்துக்கொண்டால், பின்னாளில் உடன்பிறந்தவர்களுக்குள் எழும் ஐயங்களுக்கு இடமிராது. நடமாட இயலாதவரின் வீட்டுக்கே சார் பதிவாளர் வந்து பதிவு செய்வதற்கும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது.

முதலில் வங்கிக் கணக்கைச் சீர்செய்யவேண்டும். நியமனதாரர், அதாவது நாமினி, கணக்கு வைத்திருப்பவர் இறந்த பின்னரே தொகையைப் பெறமுடியும்; உயிரோடிருக்கும் காலத்தில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ‘ஐதர் ஆர் சர்வைவர்’ எனப்படும், இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக அதை மாற்றிக்கொண்டால், அன்றாடச் செலவுக்கும் இல்லக் கட்டணத்துக்கும் தடை வராது. ஓய்வூதியதாரர்கள் ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை, 2014இல் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமான் முறையில் முக அடையாளத்தைக் கொண்டு இல்லத்திலிருந்தே பதிவு செய்யலாம். சான்று தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், அந்த நாளை நினைவில் கொள்ளும் பொறுப்பை ஒருவர் ஏற்கவேண்டும்.

அடுத்தது நிலமும் வீடும். மனத்தெளிவுள்ள காலத்தில் இரு சாட்சிகளுடன் எழுதிய உயில் இறப்புக்குப் பிறகே பயன்படும். பராமரிப்புச் செலவுக்கு உதவாது. சொத்தின் ஒரு பகுதியை முதியவரே முன்கூட்டி விற்றுத் தம் பெயரில் வைப்பாக இடுவதும், 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தம் பராமரிப்புக்கென ஒரு தனியார் அறக்கட்டளையை ஏற்படுத்துவதும், மனத்தெளிவு போன பின்னும் நிலைத்திருக்கும் ஏற்பாடுகள். பூர்வீகச் சொத்தாக இருந்தால், தமிழ்நாடு 1989இலும் ஒன்றிய அரசு 2005இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தங்களின்படி மகள்களின் பங்கையும் கணக்கில் கொண்டே எதையும் செய்யவேண்டும்.

பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதித்தர விரும்பும் பெற்றோர், தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே வெளிப்படையாக எழுதவேண்டும். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கக் கோரலாம். அன்பின் அடிப்படையில் எழுதப்பட்ட பத்திரத்தில் இந்த நிபந்தனை மறைமுகமாக அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருப்பினும், எழுத்தில் இருப்பதற்கு ஈடான காப்பு வேறில்லை.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

இல்லத்தின் மாதக் கட்டணம் முழுச் செலவைக் காட்டுவதில்லை. திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை எவ்வளவு, திரும்பத் தராத சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, டயபர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், மருத்துவமனையில் உடனிருக்கும் பணியாளர் ஆகியவற்றுக்குத் தனியாகக் கட்டவேண்டுமா, நோய் முற்றும்போது கட்டணம் எந்த அளவில் உயரும், மாத நடுவில் இறப்பு நேர்ந்தால் மீதித் தொகை திரும்ப வருமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும். வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்களில், 60 வயதைக் கடந்தவருக்கு உணவு, தங்குமிடம், பராமரிப்பு அனைத்தும் அடங்கிய கட்டணம் மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. ரசீதில் அந்த வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேட்கலாம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியில், முதியவர் வீட்டில் பேசிப் பழகிய மொழியை அறிந்த பணியாளர்கள் இருக்கிறார்களா என்பதும் கட்டணத்துக்கு இணையாகப் பார்க்கவேண்டிய ஒன்று.

முதியவரை எல்லை தாண்டிப் பெங்களூரு இல்லத்தில் சேர்ப்பவர்களுக்கும், பிள்ளைகள் கர்நாடகத்தில் வசிக்கும் குடும்பங்களுக்கும், பராமரிப்புச் சட்டம் ஒரு வசதியைத் தருகிறது. பெற்றோர் வசிக்கும் இடத்திலோ, கடைசியாக வசித்த இடத்திலோ, பிள்ளைகள் வசிக்கும் இடத்திலோ, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரி அச்சட்டத்தின் கீழுள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பெற்றோரால் இயலாவிட்டால் அவர்கள் அதிகாரமளித்த வேறொருவரோ அமைப்போ செய்யலாம். தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய உச்சத்தொகை மாதம் 10,000 ரூபாய். இன்றைய இல்லக் கட்டணத்தின் முன் அது போதாது என்பது வெளிப்படை. உதவி தேவைப்படும் முதியோரும் குடும்பத்தினரும் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

செலவைப் பகிர்ந்துகொள்வதில் உடன்பிறந்தவர்கள் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகள் இரண்டு. பெற்றோரின் பணம் பெற்றோருக்கே முதலில் உரியது. அதைத் தனிக் கணக்கில் வைத்து, ரசீதுகளோடு வரவு செலவை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டும். இல்லத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ விட்டுக்கொடுத்த வேலையும் சம்பளமும் அந்தக் குடும்பத்தின் பங்களிப்பாகவே கணக்கிடப்படவேண்டும். பணம் அனுப்புபவரின் பங்குக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளையும் வலிநிவாரணச் சேவையையும் வீடுகளுக்கே கொண்டுசெல்கிறது. அதே வீடுகளில் இருக்கும் மறதிநோயாளரின் பகல்நேரப் பராமரிப்பையும் அரசு ஏற்கவேண்டும்; ஆலைகள் பெருகும் ஊர்களில் அதற்கான மையங்களை அமைக்கவேண்டும்; பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பை உயர்த்தவேண்டும்; மனத்தெளிவு போன பின்னும் செல்லும் அதிகார ஆவணத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். அதுவரை காத்திருக்க நோய் இடம் தராது. பெற்றோரின் மறதி வழக்கத்துக்கு மாறாக இருப்பதாக உணரும் குடும்பங்கள், மருத்துவரைப் பார்க்கும் அதே வாரத்தில் வங்கிக்கும் வழக்கறிஞரிடமும் பெற்றோரையே உடன் அழைத்துச் சென்று, அவர் விருப்பத்தைக் கேட்டு, அவர் கையாலேயே அதை எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.