பிள்ளைகள் கையில் ஒரு பாத்தி

வார்தா அருகே சேவாகிராமத்தில் காந்தி வாழ்ந்த மண்வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கேயே ஆனந்த நிகேதன் பள்ளிப் பிள்ளைகள் போடும் காய்கறித் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வரணும். 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் தொடர்ச்சி அது. கைவேலை வழியாகவே கணக்கும் அறிவியலும் படிப்பது அதன் சாரம். அங்கே அதை வளர்த்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர் துணைவி ஆஷாதேவியும். இடையில் நின்றுபோன பள்ளி 2005-ல் மறுபடி தொடங்கியது. நம்ம திண்டுக்கல்லுக்கும் இந்த வழி புதுசில்லை. 1947-ல் சின்னாளபட்டி பக்கம் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும் காந்தியின் கல்விச் சிந்தனையில் வேர்விட்டதுதான்.

அப்புறம் ஏன் பல பள்ளித் தோட்டங்கள் காய்ஞ்சு கிடக்கு? விழாவுக்குக் கன்னு நட்டுப் படம் எடுத்தால் மட்டும் தோட்டம் ஆகாது. பாத்திக்குச் சொந்தக்காரர் வேணும், கணக்கு வேணும், விளைஞ்ச காய் பிள்ளைங்க தட்டுக்கு வரணும்.

ஐந்து பிள்ளைகளுக்கு 15 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். வெண்டைக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. எத்தனை செடி? 30. பரப்பளவுப் பாடம் முடிஞ்சது. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் சென்ட்டுக்கு 2 லிட்டர். இந்தப் பாத்தி சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆக 200 மில்லி. இது விகிதப் பாடம். பாதி இடத்தில் மட்டும் மூடாக்குப் போட்டு, எந்தப் பக்கம் சீக்கிரம் காயுதுன்னு விரல் விட்டுப் பார்க்கச் சொன்னால் அது அறிவியல்.

ஆடியில் விதைத்தால் ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். கோடை விடுமுறைத் தண்ணீர்ப் பிரச்சினையும் வராது. நல்ல செடியில் நாலு காயை முற்றவிட்டால் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு விதை.

வங்கியில் பேரேடு பார்த்தவன் என்பதால் ஒன்றை வற்புறுத்துவேன். விதைச் செலவு, பறித்த எடை, சந்தை விலை இவற்றோடு உழைத்த நேரத்தையும் பிள்ளைகள் நோட்டில் எழுதணும். நம்மில் பலர் எழுதாத பத்தி அது. அதை எழுதின பிள்ளை விவசாயியாக வராமலும் போகலாம்; ஆனால் சந்தையில் பேரம் பேசுமுன் யோசிக்கும்.

ஆனி மாதமே உங்க ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்க. விதையும் சாணமும் நம்ம கையில்தானே இருக்கு!