ஒரு இஞ்சுக்கு ஒரு அடி

அந்தப் பூங்காவின் வாசல் கேட்டைச் செய்தது நான்தான். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருபத்தாறு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் வந்து, "அண்ணாச்சி, பைக்கும் உள்ள வரக்கூடாது, மாடும் உள்ள வரக்கூடாது. ஆளு மட்டும் போகணும்" என்றார். இதற்கு எல்லாப் பட்டறைக்காரர்களிடமும் ஒரே விடைதான் உண்டு. ரெண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப்பை வளைத்து, ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற மாதிரி ஒரு வளைவுக் கேட். அளந்து, அறுத்து, வளைத்து, பற்றவைத்து, மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். நல்ல வேலை. ஒரு பற்றுகூட விட்டுப்போகவில்லை.

எட்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே கேட்டுக்கு வெளியே நின்றேன். கூட அக்காவும் அவள் மகனும். முறைக்கு அவன் எனக்கு மருமகன். வயது ஒன்பது. கால்கள் இரண்டும் இறுகியிருக்கும், கைகள் கொஞ்சம் நடுங்கும். பேச்சு மெதுவாகத்தான் வரும். அதில் இருக்கிற குசும்புக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்பார்கள். தமிழில் பெருமூளை வாதம் என்று எழுதுகிறார்கள். வெளியே எங்கே போனாலும் வீல்சேர்தான்.

கேட்டில் வீல்சேர் நுழையவில்லை. எப்படி நுழையும்? சக்கரம் எதுவும் நுழையக்கூடாது என்றுதானே அதைச் செய்தேன்.

"தூக்கிட்டு வந்துருங்க சார், எல்லாரும் அப்படித்தான் வாறாங்க" என்றார் வாட்ச்மேன். நான் பையனைத் தூக்கிக்கொண்டேன். அக்கா வீல்சேரை மடக்கிக் கேட்டுக்கு மேலாகக் கொடுத்தாள். உள்ளே போனதும் ஒரு படி. படியைத் தாண்டினால் மணல். மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. கடைசியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் சறுக்குவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "போலாம் மாமா" என்றான். கேட்டைச் செய்தது யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் என் பாக்கெட்டில் டேப் இருக்கும்.

சாய்வுக்கு ஒரு கணக்கு

படிக்கட்டின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டால் அது சாய்தளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பன்னிரண்டுக்கு ஒன்று என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு இஞ்ச் படி என்றால் சாய்வு ஆறு அடி ஓட வேண்டும். இரண்டரை அடி மேடை என்றால் முப்பது அடி. அதுவும் ஒரே மூச்சில் இல்லாமல், நடுவில் நின்று இளைப்பாறச் சமதளம் விட்டு. நான் அளந்த ஒரு இடத்தில் இரண்டரை அடி மேடைக்கு ஆறடியில் சாய்தளம் கட்டி, வீல்சேர் படமும் வரைந்து வைத்திருந்தார்கள். அதில் ஏற்றிப் பார்த்தேன். பின்னால் தள்ளுகிற என் முதுகுதான் ஏறியது. கை வழுக்கினால் வண்டி பின்னோக்கி வந்து ஆளைச் சாய்த்துவிடும். படம் வரைவதற்கு முன்னால் ஒருவர் டேப்பை விரித்திருக்கலாம்.

மற்ற அளவுகளும் பெரிய வித்தையில்லை. வாசலில் தடையில்லாத அகலம் மூன்றடி. வண்டியை ஒரு முழுச் சுற்றுத் திருப்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். சாய்தளத்தின் இரண்டு பக்கமும் கைப்பிடி. சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாமல் ஒரு சின்ன வரம்பு.

தரைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிற விஷயம். ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் கீழே மணல் போடுவதற்குக் காரணம் உண்டு. விழுகிற பிள்ளைக்கு அடிபடாது. ஆனால் விழுகிறவனைக் காப்பாற்றுகிற அதே மணல், உருண்டு வருகிறவனை நிறுத்திவிடுகிறது. கான்கிரீட் போட்டால் சக்கரம் ஓடும், மண்டை உடையும். இரண்டுக்கும் ஒத்துவருவது ரப்பர் தளம். விலை அதிகம், நம் ஊர் வெயிலில் சுடவும் செய்யும். பூங்கா முழுக்க ரப்பர் போட முடியாவிட்டாலும், வாசலிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் இடையில் விட்டுப்போகாத ஒரு கெட்டியான பாதை, ஆடுகிற இடத்தில் மட்டும் ரப்பர், மேலே ஒரு வேப்பமர நிழல் என்று அமைத்துவிடலாம். நடுவில் ஒரு அடி விட்டுப்போனாலும் மொத்தப் பாதையும் வீண். ஊஞ்சல் கடைசி வேலை. முதல் வேலை வாசல்.

பூட்டிய ஊஞ்சல்

இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்னொரு ஊரில் வீல்சேரோடு ஏற்றி ஆட்டுகிற ஊஞ்சல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். இருந்தது. பூங்காவின் ஒரு மூலையில், கம்பி வேலிக்குள், பூட்டோடு. சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பூட்டியதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பிள்ளை, வீல்சேர், இரும்புத் தட்டு எல்லாம் சேர்ந்து ஆடும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும். பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டிய சாமான் அது.

மருமகன் பத்து நிமிஷம் ஆடினான். சிரித்தான். வேலிக்கு வெளியே பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். திரும்பும்போது, "நல்லாத்தான் மாமா இருந்துச்சு. ஆனா நான் மட்டும்தான் ஆடுனேன்" என்றான். போன தடவை அவன் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். சேர்ந்து விளையாடுவது இரண்டு தடவையும் நடக்கவில்லை.

நம் தெரு விளையாட்டில் இதற்கு ஒரு பேரே இருக்கிறது: உப்புக்குச் சப்பாணி. ஒப்புக்குச் சப்பாணி என்பதுதான் சரியான சொல் என்பார்கள். சின்னப் பிள்ளையையோ ஓட முடியாதவனையோ ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொள்வது. அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. பாசத்தில்தான் செய்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு சப்பாணி உட்கார்ந்திருப்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் தெருப் பையன்களும் இவனை அப்படித்தான் கிரிக்கெட்டில் சேர்த்தார்கள். வீல்சேரில் இருந்தபடி மட்டையைப் பிடிப்பான், ஓட வேறொரு பையன். ஸ்டம்ப் மூன்று முறை விழுந்தும், "பரவால்ல, ஆடு" என்று பந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலாவது முறை இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுட்டுன்னா அவுட்டுன்னு சொல்லுங்கல!" என்று மட்டையைத் தூக்கி எறிந்தான். அன்று அவுட் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவன் ஆட்டத்தில் சேர்ந்தான்.

எல்லோரும் ஆடுகிற சாமான்கள்

பட்டறைக்காரனாக நான் தேடுவது, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஏறுகிற சாமான்களை. தூளி மாதிரி அகலமான கூடை ஊஞ்சல் ஒன்று. உட்கார முடியாத பிள்ளையும் அதில் படுத்துக்கொண்டு ஆடலாம், பக்கத்தில் இரண்டு பேர் தொற்றிக்கொள்ளலாம். முதுகு உயர்ந்த, பெல்ட் வைத்த இருக்கையைச் சாதாரண ஊஞ்சலின் பக்கத்திலேயே அதே சட்டத்தில் மாட்டலாம். தரையோடு தரையாக இருக்கிற ராட்டினத்தில் வண்டியை நேரே உருட்டி ஏற்றலாம். குழி எடுத்து அடியில் பேரிங்கை இறக்குகிற வேலை, நம் ஊர்ப் பட்டறையிலேயே முடியும். மணலை மேசை உயரத்துக்குத் தூக்கிக் கீழே முழங்கால் போக இடம் விட்டால், வீல்சேர்ப் பிள்ளையும் வீடு கட்டும்.

சக்கரம் மட்டுமே பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இருக்கின்றன. பார்வையில்லாத பிள்ளைக்கு வேண்டியது காலுக்குத் தெரிகிற தரை மாற்றமும் காதுக்குத் தெரிகிற அடையாளமும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பிளாஸ்டிக் பந்துக்குள் பேரிங் குண்டுகள் கலகலக்கும். கையைத் தூக்காமல், பந்து தரையில் பட்டு வருகிற மாதிரி போடுவார்கள். 1922இல் மெல்போர்னில் இரண்டு பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆடியதில் தொடங்கியது. 1998இல் முதல் உலகக் கோப்பை நடந்தது டெல்லியில். முழுப் பார்வையற்றவர் எடுக்கிற ஓட்டத்துக்கு அங்கே இரட்டிப்புக் கணக்கு. விதியைத்தான் மாற்றினார்கள், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவுட் என்றால் அங்கேயும் அவுட்தான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டியது வேறு. கூட்டமும் சத்தமும் பலருக்குத் தாங்காது. ஒதுங்கி உட்கார ஒரு அமைதியான மூலை வேண்டும். திடீரென்று சாலைக்கு ஓடிவிடாதபடி சுற்றுவேலியும் ஒரே வாசலும் வேண்டும். மூலை என்றேனே, அது பிள்ளை தானாகப் போய்த் தானாகத் திரும்பி வருகிற மூலை. நாம் கொண்டுபோய் வைக்கிற மூலை இல்லை.

செய்தவர்கள் இருக்கிறார்கள்

அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்று 25 ஏக்கரில் ஒரு பூங்கா. 2010இல் திறந்தார்கள். கார்டன் ஹார்ட்மன் என்பவர், நீச்சல் குளத்தில் மற்ற பிள்ளைகள் தன் மகளோடு விளையாடத் தயங்கி விலகியதைப் பார்த்துவிட்டு, பழைய கல் குவாரி இருந்த இடத்தில் கட்டியது. குறைபாடு உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மற்றவர்களும் வருகிறார்கள், சேர்ந்து ஆடுகிறார்கள். 2017இல் தண்ணீர் விளையாட்டுப் பகுதியும் சேர்ந்தது. தண்ணீரில் பேட்டரி வீல்சேர் போனால் கெட்டுவிடும் என்பதால், அழுத்தக் காற்றில் ஓடுகிற வீல்சேர் வைத்திருக்கிறார்கள். என் பட்டறை மூலையில் கிடக்கிற கம்ப்ரசரைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூரில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய 'கிலிகிலி' அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பூங்காவைப் போன்ற இடங்களை எல்லாப் பிள்ளைகளுக்குமாக மாற்றியது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலை நோக்கி ஒரு மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். மரம் பெயரும், ரப்பர் கிழியும், பேரிங் தேயும். திறப்பு விழாவுக்கு இருக்கிற பணம் பராமரிப்புக்கும் இருக்க வேண்டும். மருமகனை அங்கே அழைத்துப்போனபோது பாதையில் இருந்தவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலிக்கிற பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும்தான். ஒருவனுக்காகப் போட்ட வழி ஊருக்கே உதவுகிறது.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. குழந்தைக்கு விளையாட்டு ஓர் உரிமை என்று 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, பொது இடங்களையும் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் அவர்களுக்கும் எட்டச் செய்யச் சொல்கிறது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு இஞ்சுக்கு ஒரு அடி என்பது யாரும் போடுகிற பிச்சை இல்லை.

கேட் என்ன ஆனது?

கலெக்டர் அலுவலகத்துத் திங்கள்கிழமை மனுவில் தொடங்கி ஏழு மாதம் அலைந்தேன். கடைசியில், செலவு என்னுடையது என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கிரைண்டரை எடுத்துப்போய் நானே அறுத்தேன். செய்ய இரண்டு நாள் ஆன கேட், அறுக்க இருபது நிமிஷம். மூன்றடி வழி விட்டு, படிக்கு ஆறடிச் சாய்வு போட்டு, ஊஞ்சல் வரைக்கும் பேவர் பிளாக் பதித்தோம்.

இப்போது பைக் உள்ளே வருகிறதா என்றால், எப்போதாவது வருகிறது. வீல்சேர் போகிற வழியில் ஸ்கூட்டரும் போகத்தான் செய்யும். இரண்டையும் பிரித்தறிகிற கேட்டை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. அது இரும்பு பார்க்கிற வேலை இல்லை, ஆள் பார்க்கிற வேலை. வாட்ச்மேன் சத்தம் போடுகிறார், பைக் திரும்பிப் போகிறது.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நூறு ரூபாய்க்குள் ஒரு டேப் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருப் பூங்காவுக்குப் போய், வாசல் மூன்றடி இருக்கிறதா, படிக்குப் பக்கத்தில் சாய்வு இருக்கிறதா, அந்தச் சாய்வு இஞ்சுக்கு ஒரு அடி ஓடுகிறதா, அங்கிருந்து ஊஞ்சல் வரை பாதை விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அளவுகளை ஒரு தாளில் எழுதி, மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் வீட்டில் வீல்சேர் இல்லாவிட்டாலும் கொடுங்கள். அந்தக் கேட்டைச் செய்த அன்று எங்கள் வீட்டிலும் இல்லை.