ஐஸ் உறையவில்லையா? காஸைக் குறை சொல்லாதீர்கள்

மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து குஜராத்தின் வெராவல் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் கிளம்பும்போது டீசலுக்கு இணையாகத் தேவைப்படுவது ஐஸ். பல நாள் கடலில் கிடக்கப்போகும் மீனுக்கு அதுதான் உயிர்நாடி. ஐஸ் பிளான்டில் 50 கிலோ பாளம் நடுவே உறையாமல் தண்ணீராக வெளியே வந்தால் படகு கரையில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

உடனே எழும் கூக்குரல்: காஸ் குறைந்துவிட்டது, ஏற்று! விஷயம் தெரிந்த மெக்கானிக் சிலிண்டர் பக்கம் போகமாட்டார். பிரஷர் கேஜைத்தான் பார்ப்பார். கண்டென்சரில் அழுத்தம் எகிறியிருந்தால் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம். கடலோரத் தண்ணீருக்கு இது சகஜம். அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் ஓடவிட வேண்டும். தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி என்றால், கண்டென்சரும் அதே அளவுக்குக் குளிர்ந்ததும் அம்மோனியாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 155 பவுண்டுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் குழாய்களைச் சுரண்டவேண்டிய வேலை. முள் மேலேயே நின்றால் காற்றுதான் குற்றவாளி.

கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்திருந்தால் கதை வேறு. உப்புநீர்த் தொட்டியில் உப்பின் அடர்த்தி குறைந்து குளிர்விக்கும் குழாய்கள் மீதே ஐஸ் போர்த்தியிருக்கலாம். சில நூறு ரூபாய் ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும். கம்ப்ரஸர் எண்ணெய் அம்மோனியாவைவிடக் கனமானது. குழாய்களின் அடியில் தங்கிக் குளிரைத் தடுக்கும். அதை வடித்தெடுக்க வேண்டும். இந்த நிலையில் காஸ் ஏற்றினால் திரவ அம்மோனியா கம்ப்ரஸருக்குள் பாய்ந்து வால்வுகளை நொறுக்கும் அபாயமும் உண்டு.

காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்? அம்மோனியா தேய்ந்துபோகிற சரக்கல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கந்தகத் திரியைக் கொளுத்தி இணைப்புகளின் அருகே காட்டினால், கசியும் இடத்தில் வெண்புகை கிளம்பும். இதைச் செய்யாமல் சிலிண்டர் மேல் சிலிண்டராக ஏற்றுவது பண விரயம் மட்டுமல்ல. 2024 செப்டம்பரில் பஞ்சாபின் ஜலந்தர் நகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்து ஒருவர் இறந்தார்.

இத்தனைக்கும் மெக்கானிக்குக்கு மிகவும் உதவக்கூடியது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். அழுத்தம், உப்புநீரின் வெப்பம், எண்ணெய் அளவு என்று தினமும் எழுதிவைத்திருந்தால் கோளாறு எந்த வாரம் தொடங்கியது என்பதே தெரிந்துவிடும். பல பிளான்டுகளில் அந்த நோட்டில் பால் கணக்குதான் இருக்கிறது.