சீட்டு கிடைத்தால் போதுமா? ஹவாசு அருவிக்குத் தனியே கிளம்பும் முன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் செம்பாறைகளுக்கு நடுவே நீலமும் பச்சையும் கலந்து விழுகிறது ஹவாசு அருவி. உயரம் சுமார் 30 மீட்டர். சாலை வாலபாய் ஹில்டாப் என்ற இடத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து சூபாய் கிராமத்துக்கு 13 கிலோமீட்டர், அதைத் தாண்டி அருவிக்கும் முகாமுக்கும் இன்னும் 3 கிலோமீட்டர் நடை. கிராமத்துக்கு வரும் தபால்கூட இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் இறங்குகிறது. ஒரே நாளில் போய்த் திரும்ப அனுமதி கிடையாது. முன்பதிவு செய்து இரவு தங்கியே ஆக வேண்டும். 2024-இல் முகாமில் ஒருவருக்கு மூன்று இரவுக் கட்டணம் 455 டாலர். அப்படியும் முன்பதிவு திறந்த வேகத்தில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன.

வெயிலும் வெள்ளமும் வழுக்குப் பாறையும் இங்கே ஆபத்துதான். ஆனால் அவற்றில் போய்ச் சிக்க வைப்பது பெரும்பாலும் ஒரு மனநிலை: ‘இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை எப்படி விடுவது?’ கேமராவோடு தனியே கிளம்புகிறவருக்கு அதைத் தட்டிக் கேட்கக்கூட ஆள் இல்லை.

யாருடைய நிலம்?

இது தேசியப் பூங்கா அல்ல. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு இங்கே செல்லாது. இது ஹவாசுபாய் பழங்குடியினரின் நிலம். ‘நீலப்பச்சை நீரின் மக்கள்’ என்பது அந்தப் பெயரின் பொருள். 1882-இல் அமெரிக்க அரசு இவர்களை 518 ஏக்கருக்குள் சுருக்கியது. 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம்தான் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு சினிமா டிக்கெட் மாதிரி அல்ல, ஒரு வீட்டுக்காரர் உள்ளே வரத் தந்த சம்மதம்.

விதிகளை வகுப்பது பழங்குடி மன்றம். ட்ரோன், மது, போதைப்பொருள், ஆயுதம் எதற்கும் இடமில்லை. மீறினால் வெளியேற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கிராமத்து மக்களையும் வீடுகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். படங்களை விற்கும் எண்ணம் இருந்தால் மன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பழங்குடி அரசுகளுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு. அவர்களோ அமெரிக்க நாடாளுமன்றமோ இசையாமல், பொதுவாக அவர்கள் மீது வழக்குத் தொடுக்க முடியாது. பாறையில் வழுக்கி விழுந்துவிட்டு நஷ்டஈடு கேட்கலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

சீட்டு விற்கும் அந்நியர்

தேவை அதிகம், இடம் குறைவு. மோசடிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ‘என்னால் வர முடியவில்லை, என் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சமூக ஊடகத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீட்டு பெயருக்கு உரியது. அந்தப் பெயருள்ள புகைப்பட அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். ரத்தான இடங்கள் கைமாறுவதற்குப் பழங்குடியினரின் அதிகாரபூர்வ முன்பதிவுத் தளத்திலேயே வழி இருக்கிறது. அதைத் தவிர வேறெங்கும் பணம் கட்ட வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

• அமெரிக்கக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.
• கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணத்தை மீட்பது கடினம். உடனே வங்கியை அழையுங்கள்.
• எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், நுகர்வோரைக் காக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதியுங்கள்.
• இந்தியாவிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நீலம் பழுப்பானால்

நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் அருவியின் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம். வெயில் நேரே அடிக்காமல் மேகம் மூடியிருக்கும்போது அது படத்தில் சீராகப் பதியும். ஒளிப்படக்காரர்கள் காத்திருக்கும் அதே மேகம்தான் இங்கே எமனாகவும் வரும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அரிசோனாவில் பருவமழைக் காலம். எங்கோ மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து இறங்கும். குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 ஆகஸ்டில் வந்த வெள்ளம் ஓடையின் போக்கையே மாற்றி, அதிலிருந்த பழைய நவாஹோ அருவியை வறள வைத்தது. 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு பெண் உயிரிழந்தார். நூற்றுக்கு மேற்பட்டோரை ராணுவ ஹெலிகாப்டர்கள் மீட்டன.

நீர் கலங்கிப் பழுப்பானாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, ட்ரைபாடை விட்டுவிட்டு மேடேறுங்கள். ஓடையோடு சேர்ந்து கீழே ஓடாதீர்கள்.

கோடையில் பள்ளத்தாக்கில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. நடைபாதையில் குடிநீர் கிடையாது. போகும்போது இறக்கம் என்பதால் சுகமாக இருக்கும். திரும்பும்போது செங்குத்தான ஏற்றம் கடைசியில், களைத்த கால்களுக்கென்றே காத்திருக்கும். விடியும் முன் நடக்கத் தொடங்குங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரும். உப்புக் கடலையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பையில் இருக்கட்டும். 2024 ஜூனில் இங்கே வந்தவர்கள் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். நீரை வடிகட்டிக் குடியுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தனியே போகிறவருக்கு

அதே ஓடையில் உள்ள சுமார் 60 மீட்டர் உயர மூனி அருவி, அங்கே விழுந்து இறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அடிக்குப் போக, பாறையில் குடைந்த துளை வழியே நுழைந்து, சாரலில் நனைந்த சங்கிலியையும் மர ஏணியையும் பிடித்து இறங்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். கேமரா பைக்குள் போகட்டும். நடைபாதையில் எதிரே கோவேறு கழுதைக் கூட்டம் வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரின் பக்கம் ஒதுங்குங்கள்.

நடைபாதையில் செல்பேசியை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், 18 வயது நிரம்பியிருந்தால், ஐ-94 போன்ற பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

அடிபட்டால், வெளியேற விரைவான வழி ஹெலிகாப்டர்தான். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அமெரிக்கச் சட்டத்தின்படி, அந்நாட்டு வழக்கமான மருத்துவக் காப்பீடு உள்ளவரிடம், காப்பீட்டின் வலையமைப்பில் இல்லாத வான்வழி ஆம்புலன்ஸ் நிறுவனம் மீதித் தொகையைக் கேட்டு பில் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அமெரிக்க மத்திய அரசிடம் முறையிடலாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் எடுக்கும் குறுகிய காலப் பயணக் காப்பீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவசர மீட்பு அதில் அடங்குமா என்று கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள்.

வெள்ள எச்சரிக்கை வந்தால், வெயில் இத்தனை டிகிரியைத் தாண்டினால் போகமாட்டேன் என்று முன்பதிவு செய்யும் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நாள் வரும்போது கட்டிய பணமும் மாதக் கணக்கான காத்திருப்பும் உங்கள் காதில் வேறு ஏதோ சொல்லும். அப்போது அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.